பாக்கின் கவோட்: வயலினை எடுப்பதற்கு முன் நடந்து பாருங்கள்

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கவோட்டை (பழைய பிரெஞ்சு நடன வடிவம் அது) மூன்று வாரம் நான் தப்பாகவே வாசித்துக்கொண்டிருந்தேன். சுருதி சரியாக இருந்தது, விரல்களும் ஓடின. ஆனாலும் எங்கோ நொண்டியது. ஒருநாள் ஆசிரியர் வயலினைக் கீழே வைக்கச் சொல்லி, அறையைச் சுற்றி நடக்கவைத்தார். முதல் ஸ்வரத்தையே ‘ஒன்று’ என்று எண்ணிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. இந்தப் பதிவு அந்தத் தவற்றிலிருந்து உங்களைக் காப்பாற்றுவதற்காக.

தனி வயலினுக்காக பாக் எழுதிய ஆறு படைப்புகளின் கைப்பிரதியில் 1720 என்று ஆண்டு குறித்திருக்கிறது. அவற்றில் மூன்று பார்ட்டீட்டாக்கள், அதாவது நடன வடிவங்களின் தொகுப்புகள். நாம் எடுக்கப்போவது மூன்றாவதான ஈ மேஜர் பார்ட்டீட்டாவில் வரும் ‘கவோட் ஆன் ரோந்தோ’. வயலினில் முதல் பொசிஷன் நன்றாகப் பழகியிருந்தால் தொடங்கிவிடலாம். பாக் கைப்பட எழுதிய பிரதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சுப் பிரதியில் சந்தேகம் வரும்போது அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் வேலை நடப்பது. ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, நான்கு குரோச்செட் (ஒரு எண்ணிக்கைக்கு ஒன்று). ஆனால் காலடி இரண்டுதான். ‘ஒன்று’ வரும்போது வலது கால், ‘மூன்று’ வரும்போது இடது கால். கவோட் பாரின் பாதியில் பிறக்கிறது. ஆகவே “மூன்று, நான்கு, ஒன்று, இரண்டு” என்று வாய்விட்டுச் சொல்லியபடி நடங்கள். மூன்றும் நான்கும் தயாராகும் இடம், உடலின் பாரம் இறங்குவது ஒன்றில். கர்நாடக இசை கற்றவர்களுக்கு இது எளிது. தாளம் பிறக்குமுன்பே பாட்டு தொடங்கும் அதீத எடுப்புதான் இது. (தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்த்திருப்பவர்கள் ஜி, டி, ஏ, ஈ என்று மாற்றிச் சேர்த்துக்கொள்ளவும்.)

அடுத்தது வில். இடது கை இன்னும் வேண்டாம். ஏ தந்தியைச் சும்மா திறந்தபடி வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு அரசவை இசையமைப்பாளர் லுல்லியின் வாத்தியக்காரர்கள் வில்லைக் கையாண்ட விதத்தை 1698இல் கேயார்க் முஃபாட் என்ற இசையமைப்பாளர் எழுதிவைத்தார். அதன் மையமான விதி, பாரின் முதல் ஸ்வரம் டவுன் போவில் (வில்லைக் கீழ்நோக்கி இழுக்கும் வீச்சில்) விழவேண்டும் என்பது. கவோட்டில் அது தானாகவே அமைகிறது: மூன்றுக்கு டவுன், நான்குக்கு அப், ஒன்றுக்கு மறுபடி டவுன். அந்த ‘நான்கில்’ வில்லை அழுத்தாமல், குறைந்த நீளத்தில், தந்தியை விட்டு எழும்பப்போவதுபோல வாசியுங்கள். அந்தக் காலத்து வில் இன்றைய வில்லைவிட இலேசானது. அதற்காக வேறு வில் வாங்க வேண்டியதில்லை. உங்கள் வில்லையே பிடிக்கும் இடத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே தள்ளிப் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இனி இடது கை. ஈ மேஜரில் நான்கு ஷார்ப், அதாவது அரை ஸ்வரம் உயர்த்திய நான்கு ஸ்வரங்கள். பெரும்பாலோர் சறுக்குவது மூன்றாம் விரலில். ஏ தந்தியில் அந்த விரல் பழக்கதோஷத்தால் டி ஸ்வரத்தில் போய் உட்கார்ந்துவிடும். இங்கே வேண்டியது டி ஷார்ப். நான்காம் விரலால் ஈ ஸ்வரத்தை வைத்து, திறந்த ஈ தந்தியோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். பிறகு மூன்றாம் விரலை நான்காம் விரலோடு ஒட்டினாற்போல் வையுங்கள். டி தந்தியிலும் ஜி தந்தியிலும் இதே நீட்டல் வேண்டும். ஈ தந்தியில் மட்டும் மூன்றாம் விரல் பழைய இடத்திலேயே இருக்கலாம்.

இரண்டு தந்திகளைச் சேர்த்து வாசிக்கும் டபுள் ஸ்டாப்புகள் பயமுறுத்தும். இரண்டு விரல்களையும் வைத்துக்கொண்டு, வில்லால் கீழ்த்தந்தியை மட்டும் வாசியுங்கள். பிறகு விரல்களை எடுக்காமலே மேல்தந்தியை மட்டும். மூன்றாவது முறைதான் இரண்டும் சேர்ந்து. அப்போதும் கையின் பாரம் மெட்டு இருக்கும் தந்தியின் பக்கமே சாய்ந்திருக்கட்டும். சேரும்போது கரகரத்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். வேகத்தைக் குறைப்பதால் அது சரியாகாது.

ரோந்தோ என்றால் தலைமெட்டு திரும்பத் திரும்ப வரும் அமைப்பு. இங்கே எட்டு பார் மெட்டு ஐந்து இடங்களில் வருகிறது, நடுவே நான்கு கிளைப்பகுதிகள். ஆகவே எட்டு பாரைச் சுத்தமாக்கினாலே கணிசமான பங்கு கைக்கு வந்துவிடும். கிளைகளை வாரத்துக்கு ஒன்றாகச் சேருங்கள். ஒவ்வொரு கிளையின் கடைசி இரண்டு பாரையும், அங்கிருந்து மெட்டுக்குத் திரும்பும் இடத்தையும் தனியாகப் பத்து முறை வாசியுங்கள். விழுவதெல்லாம் அந்தத் திருப்பத்தில்தான்.

மெட்ரோனோமைக் குரோச்செட்டுக்கு வைக்காதீர்கள். நடன ஓட்டம் பொடிப்பொடியாகிவிடும். மினிமுக்கு (இரண்டு குரோச்செட், ஒரு காலடி) நிமிடத்துக்கு 44 என்று தொடங்கி, நடந்துகொண்டே பாடமுடிகிற வேகத்தில் நிறுத்துங்கள். 72 வைத்தால் ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் முடியும். 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்க இசைத்தட்டில் இதே கவோட் இருக்கிறது. வாசித்தவர் ஆர்தர் க்ரூமியோ. கேளுங்கள், ஆனால் மெட்டு மனப்பாடமான பிறகு கேளுங்கள். முன்னாலேயே கேட்டால் அவர் வேகத்தைத் துரத்தத் தோன்றும், எனக்குத் தோன்றியது.

கவோட் கைவந்ததும், அதே பார்ட்டீட்டாவின் பூரே என்ற நடனத்தை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் இரண்டடி நடைதான். ஆனால் பாருக்கு முன்னால் ஒரே ஒரு குரோச்செட் மட்டுமே வரும். ஆகவே அங்கே அப் போவில், வில்லின் நடுவிலிருந்து தொடங்குங்கள்.