பழைய நூல் புடவையில் குழந்தைக்குப் போர்வை

ஐந்தரை மீட்டர் நூல் புடவையை நீளவாக்கில் நாலாக மடித்தால், சுமார் 1.35 மீட்டருக்கு 1.1 மீட்டரில் நாலடுக்குப் போர்வை கிடைக்கும். பத்து வருஷம் கட்டி நைந்த புடவைதான் நல்லது; புதுத்துணியில் அந்த மெத்து வராது. ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், சல்லடையாகத் தெரிந்தால் அந்தப் பக்கத்தை உள்ளடுக்கில் விடுங்கள்.

முதலில் ஃபால்ஸைப் பிரித்தெடுங்கள். சரிகை இருந்தால் வெட்டிவிடுங்கள், குழந்தை உடம்பில் கீறும். வெந்நீரில் ஊறவைத்து கஞ்சியைப் போக்கவேண்டும். கஞ்சி நின்றால் நாலடுக்கில் ஊசி இறங்காது.

தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கையால் நீவுங்கள். மூலைக்கொரு கனம் வைத்து, ஒரு சாணுக்கு ஒரு வரிசையாகப் பெரிய தையலில் நூலோட்டுங்கள். பலரும் சோம்பல்பட்டுத் தாண்டுவது இதைத்தான். தாண்டினால் அடித்துணி நகர்ந்து, கடைசியில் ஒரு மூலையில் பை மாதிரி தொங்கும். பிரிப்பதைத் தவிர வழியில்லை.

பிறகு நடுவிலிருந்து தொடங்கி, விரலகல இடைவெளியில் அரை சென்டிமீட்டர் ஓட்டுத்தையல். பருத்தி நூலே போதும், பாலியெஸ்டர் நைந்த துணியை அறுக்கும். நூல் ஒரு கை நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். முடிச்சை அடுக்குகளுக்குள் இழுத்து மறையுங்கள். இறுக்கி இழுத்தால் சுருங்கும். வரிசைக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்து, அடியடுக்கிலும் ஊசி விழுந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

ஓரத்துக்கு ஆறு சென்டிமீட்டர் பட்டி வைத்து மடித்துத் தைத்தபின், முதலில் பெரிய தையலில் போட்ட நூலோட்டத்தை மட்டும் உருவிவிடுங்கள்.