வேட்டி கட்டிய பெரியவர் முந்திச் செல்லும்போது: மெதுவாக ஓடுபவர்கள் செய்யும் தவறுகள்

மெரினாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கத்தை நோக்கி ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே, வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் என்னை முந்திச் சென்றார். அவர் ஓடவில்லை, நடந்தார். அப்போது எனக்கு ஒரு கிலோமீட்டருக்கு 11 நிமிடம் ஆகும். விறுவிறுவென்று நடப்பவருக்கு 10 நிமிடம் போதும். கணக்கில் பிழையில்லை, மானம்தான் கேட்கவில்லை. அவரைத் துரத்தினேன். சிறிது தூரத்திலேயே விலாவில் பிடித்துக்கொண்டது. மணலோரச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நான்கு நாளும் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கினேன்.

புதிதாக ஓட வருகிறவர்களில் பலர் விட்டுவிட்டுப் போவது இப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன். மெதுவாக ஓடுவதில் அலுத்துப்போய் யாரும் விடுவதில்லை. மெதுவாக ஓடுவது பிறர் கண்ணில் படக்கூடாது என்று பாடுபட்டுத்தான் களைத்துப்போகிறார்கள். பிற தவறுகள் பெரும்பாலும் இந்தக் கூச்சத்தின் கிளைகள்.

முதல் கிளை, மூச்சு முட்ட ஓடுவது. ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைத் திக்காமல் பேச முடிந்தால் வேகம் சரி. தனியாக ஓடுகிறவர் யாரிடம் பேசுவது? நான் ஏழாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓடுகிறேன். ‘ஏழேழு நாற்பத்தொன்பது’ என்ற இடத்தில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்துவிடுவேன். இதற்கு ஒரு காரணமும் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிக்கொள்கின்றன. தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். ‘இப்போது மூச்சு வாங்கவில்லையே’ என்று மூன்றாம் வாரம் வேகத்தைக் கூட்டுகிறவருக்கு ஐந்தாம் வாரம் கணுக்காலுக்கு மேலே, முன் எலும்பையொட்டி வலி வந்துவிடுகிறது. வலியோடு யாருக்கு விடியற்காலையில் எழத் தோன்றும்?

அடுத்தது, இடையில் நடப்பதை அவமானமாக நினைப்பது. ‘கவுச் டு 5கே’ (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டம் வரை) என்று உலகம் முழுவதும் புதியவர்கள் பின்பற்றும் பயிற்சித் திட்டம் ஒன்று உண்டு. ஜோஷ் கிளார்க் என்பவர் 1996இல் வகுத்தது. அதன் முதல் வாரத்தில் ஓட்டமே ஒரு நேரத்துக்கு 60 நொடிதான். பிறகு 90 நொடி நடை. இப்படி மாறி மாறி 20 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள், மொத்தம் ஒன்பது வாரம். ஓட்டத்தை விட நடை அதிகம் என்பதைக் கவனியுங்கள். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கேலோவே, மாரத்தானுக்கே ஓட்டமும் நடையும் கலந்த முறையைப் பரப்பியவர். ஒலிம்பிக் போனவரே நடக்கச் சொல்லும்போது நமக்கென்ன கௌரவக் குறைச்சல்? களைத்துப்போன பிறகு நடந்தால் மீண்டும் ஓடக் கால் வராது. களைப்பதற்கு முன்பே, கடிகாரத்தைப் பார்த்து நடக்க வேண்டும்.

மூன்றாவது தவறு சென்னைக்காரர்களுக்கே உரியது: மே மாதக் கடிகாரத்தை ஜனவரிக் கடிகாரத்தோடு ஒப்பிடுவது. ஜனவரியில் கிலோமீட்டருக்கு 8 நிமிடத்தில் ஓடிய நண்பர் ஒருவர், கத்திரி வெயில் நாட்களில் 9 நிமிடத்துக்குப் போனதும் ‘எனக்கு வயதாகிவிட்டது’ என்று ஷூவைப் பரணில் போட்டுவிட்டார். வயது நான்கு மாதம்தான் கூடியிருந்தது. இந்த ஊரில் விடியற்காலையில் வெப்பம் குறைவு, ஆனால் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். நம் ஊரில் அது ஆவியாகாமல் முழங்கை வழியே சொட்டிக்கொண்டே இருக்கிறது. உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கும் கூடுதல் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்தில் ஓடினாலும் நாடி ஏறிவிடுகிறது. வெயில் காலத்துக்கு உடல் பழகவே பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். ஆகவே ஏப்ரல், மே, ஜூனில் தூரத்தை மறந்துவிட்டு நேரத்தை மட்டும் கணக்கு வையுங்கள். 25 நிமிடம் ஓட்டமும் நடையும், பிறகு உப்புப் போட்ட மோர். தலை சுற்றினாலோ உடம்பு சில்லிட்டாலோ அத்துடன் நிறுத்தி நிழலுக்குப் போய்விட வேண்டும். ஒப்பிட்டே தீர வேண்டுமானால் இந்த மேயை அடுத்த மேயோடு ஒப்பிடலாம்.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வேகத்தைக் காட்டும் கட்டத்தைத் திரையிலிருந்து நீக்கிவிடுங்கள், ஓடிய நேரம் மட்டும் தெரிந்தால் போதும். அடுத்தவர் ஓட்டத்தைப் பார்ப்பதானால் மாலையில் பாருங்கள்; ஓடி முடித்த கையோடு பார்த்தால் அன்றைய காப்பி கசக்கும்.

குழுவோடு ஓடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரைச் சாலைக்குப் போனால் ஒரே நிறச் சட்டையில் கூட்டம் கூட்டமாக ஓடுகிறவர்களைக் காணலாம். சேர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கடைசியில் வருகிறவரோடு யாராவது வருவீர்களா?’ பதில் இழுபட்டால் அந்தக் குழு உங்களுக்கானது அல்ல. நாகேஸ்வரராவ் பூங்காவில் சுற்றிச் சுற்றி ஓடுவதில் ஒரு வசதி உண்டு. வேகமானவர் உங்களைத் தாண்டிப் போனாலும் சற்று நேரத்தில் மறுபடி பின்னாலிருந்து வருவார். யார் முதல், யார் கடைசி என்று பார்க்கிறவர்களுக்குப் புரியாது.

போட்டிக்குப் பணம் கட்டுவதிலும் ஒரு தவறு நடக்கிறது. ஜனவரியில் மாரத்தான் வருகிறது என்று செப்டம்பரிலேயே உற்சாகமாக 10 கிலோமீட்டருக்குப் பதிவு செய்கிறோம். எத்தனை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியைப் படிப்பதில்லை. எனது முதல் போட்டியில் நான் எல்லைக்கோட்டை நெருங்கியபோது தண்ணீர் மேசையை மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ‘சார், ஓரமாக வாருங்கள்’ என்றார் ஒரு பையன், மரியாதையாகத்தான். பதக்கம் கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. கால வரம்பைப் பார்த்து, பயிற்சியில் அதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே முடிக்க முடிகிறதா என்று உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.

தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, நிதானமாக நடந்து கடந்துவிடுங்கள். மெதுவாக ஓடுகிறவர்களுக்கு இது எளிது.

கடைசியாக மழைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெருவில் தண்ணீர் நிற்கும், கால்வாய் எது சாலை எது என்று தெரியாது. அந்த நாட்களில் ஓடாமல் இருப்பது சோம்பல் ஆகாது. தவறு அதற்குப் பிறகுதான் நடக்கிறது: விட்ட நாளையெல்லாம் வட்டியோடு சேர்த்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஓடித் தீர்ப்பது. இரண்டு வாரம் இடைவெளி விழுந்தால் முன்பு ஓடிய நேரத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள். காய்ச்சல் வந்து படுத்தவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்டுவிட்டு ஷூவை எடுங்கள். ஈர ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும்.