ஜனவரியில் சேரும்போதே டிசம்பரை நினையுங்கள்

தென்னாப்பிரிக்காவில் பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை), ஸ்பீச் தெரபி என்று எதைப் படித்தாலும், நான்கு வருடப் படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தாக வேண்டும். டாக்டர்களுக்கு 1998-இல் வந்த ஏற்பாடு நமக்கு 2003-இல் வந்தது. கம்யூனிட்டி சர்வீஸ் என்ற இதைக் காம்சர்வ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். டர்பன் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் படித்து முடித்து சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் வீடுகளிலிருந்து கிளம்புகிற நம் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "ஆன்ட்டி, அங்கே நெட் கிடைக்குமா?" கிடைக்கும். அதை விட்டுவிட்டு வேலைக்கு வருவோம்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடக்குக் கோடியில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது டர்பனில் இருக்கிறேன். புதிதாகப் போகிறவர்கள் இன்னும் போன் போட்டுக் கேட்பதால் இதை எழுதி வைக்கிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த ஊர் நோயாளிக்கு ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு புதுத் தெரபிஸ்ட் வருகிறார், டிசம்பரில் போய்விடுகிறார். பக்கவாதம் வந்த தாத்தா தன் கதையை வருடா வருடம் முதலிலிருந்து சொல்கிறார். அதனால் நீங்கள் எதைத் தொடங்கினாலும், நீங்கள் போன பிறகு அது நிற்குமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை சில. எச்.பி.சி.எஸ்.ஏ. (மருத்துவத் தொழிலர்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) பதிவு உங்கள் கைக்கு வராமல் நோயாளியைத் தொடாதீர்கள். டிரைவிங் லைசென்ஸ் இல்லை என்றால் இப்போதே எடுங்கள். அரசு வண்டியை எடுத்துக்கொண்டு கிளினிக் போக அது வேண்டும், இல்லையென்றால் வருடம் முழுக்க டிரைவரின் தயவில் இருப்பீர்கள். ஒதுக்கீட்டில் மங்குசி போன்ற ஊர் விழுந்தால் வீட்டில் அம்மா அழுவார். டர்பனிலிருந்து என்2 நெடுஞ்சாலையில் வடக்கே போய், ஷ்லுஷ்லுவேயில் திரும்பி, மொசாம்பிக் எல்லை வரை போகிற பாதை அது. ஆனால் டர்பன் நடுவில் பெரிய மருத்துவமனையில் ஒரே வார்டில் நிற்பதைவிட, தீக்காயம், கை எலும்பு முறிவு, மூளைவாதக் குழந்தை, கால் எடுத்தவர் என எல்லாமே உங்களிடம் வருகிற சின்ன மருத்துவமனையில் கற்றுக்கொள்வது அதிகம். இது என் அபிப்பிராயம். இதை ஒத்துக்கொள்ளாத தோழிகள் எனக்கு உண்டு.

முதல் இரண்டு வாரம் சிகிச்சையில் குதிக்காதீர்கள். அலமாரியைத் திறந்து பாருங்கள். வீல்சேர் ஆர்டர் ஃபைல் எங்கே என்று தேடுங்கள். போனவர் ஆர்டர் போட்டு, அவர் போன பிறகு வந்து இறங்கி, யாருக்கு என்று தெரியாமல் ஸ்டோரில் தூசி படிந்து நிற்கும் நாற்காலி அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்றாவது இருக்கும். அளவெடுத்த குழந்தை அதற்குள் ஒரு சுற்று வளர்ந்திருக்கும்.

இதைத் தவிர்க்க, ஆர்டர் தாளிலேயே நோயாளியின் பெயர், மருத்துவமனை எண், வீட்டு போன், பக்கத்து வீட்டு போன், எந்தக் கிளினிக்குக்கு வருகிறவர் என்பதையெல்லாம் எழுதுங்கள். வீட்டு போன் மூன்று மாதத்தில் மாறிவிடும், பக்கத்து வீட்டு எண்தான் காப்பாற்றும். அளவெடுத்த தேதி கட்டாயம் வேண்டும். உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம், பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம், முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை உயரம் ஆகிய மூன்றும் இல்லாமல் 'பெரிய சைஸ்' என்று எழுதுவது வேலையே இல்லை. வீட்டுக்கு முன்னால் மணலா, சரிவா, சிமென்ட்டா என்றும் ஒரு வரி எழுதுங்கள். வடக்குக் கோடியில் பெரும்பாலும் மணல்தான். முன்சக்கரம் சின்னதாக இருக்கும் சாதாரண நாற்காலி அதில் புதைந்து நின்றுவிடும், பிறகு அது துணி காயப்போடத்தான் உதவும்.

அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. ஏப்ரலில் பட்டியல் கொடுத்தால் உங்கள் காலத்திலேயே நாற்காலி வந்து சேர வாய்ப்புண்டு. பிப்ரவரி, மார்ச்சில் இரண்டில் ஒன்று நடக்கும். பணம் தீர்ந்திருக்கும், இல்லை மிஞ்சிய பணத்தை அவசரமாகச் செலவழிக்க மேனேஜர் திடீரென்று, "இன்றைக்குள் லிஸ்ட் கொடு" என்பார். நீங்கள் ஜனவரியில் சேர்ந்த புதியவர். அந்த நேரம் கையில் விலைப்புள்ளியோடு பட்டியல் இருந்தால் பத்துப் பேருக்கு நாற்காலி கிடைக்கும்.

அடுத்தது ஃபைலில் எழுதுவது. "நோயாளி நலம், சிகிச்சை தொடர்கிறது" என்பது அடுத்து வருகிறவருக்கு எதுவும் சொல்லாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "கட்டிலிலிருந்து எழ ஒருவர் கை கொடுக்க வேண்டும். கழிப்பறை வெளியே, வழியெல்லாம் மணல். மகள் பகலில் வேலைக்குப் போகிறாள். பேத்தி பள்ளி விட்டு மதியம் வருகிறாள். தாத்தா கேட்பது: யார் துணையும் இல்லாமல் கழிப்பறை போக வேண்டும்." இதைப் படிக்கிறவர் முதல் நாளே வேலையைத் தொடங்கலாம். பரிசோதனை மதிப்பெண்களையும் எழுதுங்கள், ஆனால் நோயாளி என்ன கேட்டார் என்ற வரி இல்லாத ஃபைலை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஸ்பீச் தெரபி பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு 'மிருதுவான உணவு' என்று மட்டும் எழுதினால் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். உணவும் பானமும் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் சர்வதேச அளவுகோலான ஐ.டி.டி.எஸ்.ஐ.யில் 0 முதல் 7 வரையுள்ள நிலை எண்ணைப் போடுங்கள். பானத்தை 10 மில்லி சிரிஞ்சில் பத்து விநாடி ஒழுகவிட்டு மிச்சம் எவ்வளவு என்று பார்க்கிற சோதனையை நர்ஸுக்கும் வீட்டாருக்கும் செய்து காட்டுங்கள், அதற்கு வேறு கருவி ஒன்றும் வேண்டாம். அப்புறம், வீட்டில் உண்மையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். உதிரியாக இருக்கும் பூத்து (மக்காச்சோள மாவுச் சோறு) புரையேற வைக்கும், நன்றாகக் கரைத்த மக்காச்சோளக் கஞ்சி இறங்கும். மருத்துவமனை டயட் தாளில் இந்த இரண்டின் பெயருமே இருக்காது.

அந்த ஊரில் நிரந்தரமாக இருப்பவர் ரீஹாப் அசிஸ்டன்ட், அதாவது தெரபிஸ்டுக்கு உதவியாளர். பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்மணி, உங்கள் அம்மா வயது. எத்தனையோ ஜனவரி பார்த்தவர். அவரை மொழிபெயர்க்க மட்டும் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள். எந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள், எந்தக் குழந்தையின் பாட்டி உண்மையில் பயிற்சி செய்கிறார் என்பது அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிந்த கை அசைவை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள், சரியாகச் செய்கிறாரா என்று பாருங்கள். நீங்கள் போன பிறகு நடக்கப் போகிற சிகிச்சை அவர் கையில்தான்.

சூலு மொழி கற்றுக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு ஆள் கூப்பிடும் சூலு போதாது. வயதானவர்களை கோகோ (பாட்டி), ம்குலு (தாத்தா) என்று மரியாதையாக அழைத்து, நலம் விசாரித்து, அவர்கள் திருப்பி விசாரிக்கும்வரை நின்று, பிறகு வலியைப் பற்றிக் கேளுங்கள். எதற்கும் "யேபோ" (ஆமாம்) என்று தலையாட்டுவார்கள், அது பெரியவர்களின் நாகரிகம். புரிந்ததா என்று கேட்டுப் பயனில்லை, செய்து காட்டச் சொல்லுங்கள்.

நோயாளியின் படத்தை உங்கள் போனில் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் ஆலோசனை கேட்கிற பழக்கம் நிறைய இருக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போப்பியா என்பார்களே, 2021 ஜூலையிலிருந்து முழுக்க அமலில் இருக்கிறது. எழுத்தில் சம்மதம் வாங்காமல் படம் எடுக்காதீர்கள்.

தனியாக இருக்கும் தெரபிஸ்டிடம் எல்லா வேலையும் வந்து விழும். பிசியோ இல்லாத ஊரில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டை நெஞ்சுச் சளி எடுக்கக் கூப்பிடுவார்கள். உங்கள் பதிவுக்கு உட்பட்டது எது என்று பணிவாக, எழுத்தில் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் சொன்னால் திமிர் என்பார்கள், கடிதமாகக் கொடுத்தால் ஃபைலில் வைத்துக்கொள்வார்கள். அதே சமயம் மாதாந்திர நோயாளி எண்ணிக்கையை நேரத்துக்குக் கொடுங்கள். மேலே இருப்பவர்கள் படிப்பது அந்த எண்ணைத்தான், அடுத்த வருடம் உங்கள் இடத்தில் ஆள் போடுவதும் அதை வைத்துத்தான்.

லீவு விஷயம். வருடத்துக்கு 22 வேலை நாள். தைப்பூசக் காவடி ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும், சேர்ந்த மறு வாரமே கேட்கச் சங்கடமாக இருக்கும். வேலைக்குச் சேருகிற அன்றே காலண்டரைக் காட்டித் தேதியைச் சொல்லிவிடுங்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. புரட்டாசி விரதத்துக்கு நகரத்திலிருந்தே பருப்பும் மசாலாவும் கொண்டு போங்கள். உள்ளூர்க் கடையில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் நிச்சயம்.

வருடம் முடிந்தால் வேலை தானாகக் கிடைக்கும் என்று இருக்காதீர்கள். அரசுப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன, விண்ணப்பமோ குவிகிறது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் இசட்83 படிவத்தில் கட்டாயமான கட்டம் ஒன்று காலியாக இருந்தாலும், கையெழுத்து விட்டுப்போனாலும் ஒதுக்கிவிடுவார்கள். நேர்முகத்தில், "என்ன செய்தாய்?" என்று கேட்கும்போது, எத்தனை நோயாளி பார்த்தேன் என்பதைவிட, எந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லத் தெரிந்தவர் தனியாகத் தெரிவார். அரசு வேலையில் இருந்துகொண்டே மாலையில் தனியாகப் பார்ப்பதானால் முன்கூட்டி எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். தனிப் பிராக்டிஸுக்கு எச்.பி.சி.எஸ்.ஏ.வில் சுயேச்சைப் பதிவு, பிறகு பிராக்டிஸ் எண், அப்புறம்தான் மெடிக்கல் எய்டுக்கு (மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு) பில் போடுவது. பதிவைத் தக்கவைக்க ஆண்டுக்கு 30 தொடர்கல்விப் புள்ளி, அதில் 5 நெறிமுறைக்கு. கடைசி மாதத்தில் தேடி ஓடாதீர்கள்.

நவம்பரில் ஒப்படைப்புப் பட்டியலை எழுதத் தொடங்குங்கள். ஜனவரி முதல் வாரமே பார்த்தாக வேண்டியவர்கள் யார் (புதிதாகக் கால் எடுத்தவர், கையில் ஸ்ப்லின்ட் (தாங்குபட்டை) போட்டவர், உணவு புரையேறும் குழந்தை), ஒரு மாதம் பொறுக்கக்கூடியவர்கள் யார், இனி வர வேண்டாதவர்கள் யார் என்று பிரியுங்கள். ஒரு பிரதி அசிஸ்டன்டுக்கு, ஒன்று மேனேஜருக்கு.

டிசம்பர் நடுவில் ஜோஹானஸ்பர்க்கிலும் டர்பனிலும் வேலை பார்க்கும் மகன்கள் ஊர் திரும்புவார்கள். வாசலில் சரிவுப் பாதை போடவும், கழிப்பறையில் கைப்பிடி அடிக்கவும், அப்பாவைத் தூக்கும் விதத்தைக் கற்றுக்கொள்ளவும் வீட்டில் ஆள் இருப்பது அந்த இரண்டு வாரம்தான். மிச்ச லீவை அதற்கு முன்பே எடுத்து முடித்துவிடுங்கள்.