சாம்பல் எங்கே விழும்: கணினியில் கணக்குப் போடும் முறை

சிங்கப்பூரில் எரிமலை இல்லை. ஆனால் சுமத்ராவும் ஜாவாவும் பக்கத்தில்தான், அங்கே எழும் சாம்பலுக்குக் குடிநுழைவுச் சோதனை கிடையாது! என் வேலையே அதைக் கணக்குப் போடுவதுதான்.

பழக நினைப்பவர்கள் டெஃப்ரா2 என்ற இலவச நிரலில் தொடங்கலாம். சாம்பல் தூணின் உயரம், வெளியேறும் நிறை, துகள் அளவு, காற்று ஆகியவற்றைக் கொடுத்தால் எங்கே எவ்வளவு படியும் என்று சொல்லும். முதல் மூன்றில் ஒவ்வொன்றுக்கும் ஒற்றை எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள். பழைய வெடிப்புகளைப் பார்த்து ஒரு வரம்பு கொடுங்கள்.

காற்றில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். 2014 பிப்ரவரியில் கிழக்கு ஜாவாவின் கெலுட் எரிமலை வெடித்தபோது அங்கே மேற்கிலிருந்து பருவக்காற்று வீசும் காலம். சாம்பலோ மேற்கே போய் யோக்யகர்த்தா நகரை மூடியது, ஏனென்றால் மிக உயரத்தில் காற்று எதிர்த்திசையில் வீசியது. அதனால் தரைமட்டக் காற்று போதாது; ஈஆர்ஏ5 என்ற ஐரோப்பிய வானிலை மையத்தின் பழைய வானிலைத் தரவிலிருந்து ஒவ்வொரு உயரத்துக்கும் எடுங்கள்.

அப்புறம் ஏதோ ஒரு தேதியின் காற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஆயிரம் முறையாவது ஓட்டுங்கள். வரைபடத்தின் ஒவ்வொரு சதுரக் கட்டத்திலும், படிந்த சாம்பல் சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டியது மொத்த ஓட்டங்களில் எத்தனை சதவீதம்? அதுதான் நிகழ்தகவு. 100 கிலோ என்பது சுமார் 10 சென்டிமீட்டர் உலர்ந்த சாம்பல். பலவீனமான கூரை அதற்கே சரியலாம். மழை பெய்தால் பாரம் இன்னும் கூடும்.

சரி, வரைபடம் தயார். அதன்மேல் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பொருத்திப் பாருங்கள். எந்தக் கூரையை முதலில் பலப்படுத்துவது என்பதை அங்கிருந்து முடிவு செய்யலாம்.