பத்தாவது டாக்டருக்கு விடைகொடுப்பது எப்படி

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் டேவிட் டெனன்ட் நடித்த பத்தாவது டாக்டர் விடைபெறும் கதைக்கு ‘தி எண்ட் ஆஃப் டைம்’ என்று பெயர். அதன் முதல் பாகம் 2009 டிசம்பர் 25 அன்றும், இரண்டாம் பாகம் 2010 ஜனவரி 1 அன்றும் ஒளிபரப்பாயின. நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால், முன்கதை எதுவும் தெரியாமல் இரண்டு பாகங்களையும் ஒரே இரவில் பார்த்து முடித்தேன். கோட்டு அணிந்த ஒல்லியான மனிதர் ஒருவர் நெடுநேரம் துயரப்பட்டுவிட்டு ஒளிப்பிழம்பாக மாறினார் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிற்பாடு உரிய வரிசையில் பார்த்தபோது, முதல் முறை நான் கவனிக்கவே கவனிக்காத ஒரு கிழவர்தான் அந்தக் கதையின் அச்சாணி என்று புரிந்தது. அந்தத் தவறு உங்களுக்கு நேராமல் இருக்கவே இந்தக் குறிப்புகள்.

தொடருக்குப் புதியவர்களுக்கு ஒரு சொல். டாக்டர் என்பவர் காலத்தில் பயணம் செய்யும் டைம் லார்ட் என்ற வேற்றுக்கிரக இனத்தவர். உயிர் பிரியும் தறுவாயில் அவருடைய உடல் முழுவதும் மாறி, வேறு முகமும் வேறு சுபாவமும் கொண்டவராக எழுவார். 1963-ல் தொடங்கிய தொடரின் முதல் நாயகர் வில்லியம் ஹார்ட்னெல் 1966-ல் விலகியபோது, கதை நின்றுபோகாமல் இருக்கக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. அவர் விடைபெற்ற அத்தியாயத்தின் படச்சுருள் தொலைந்துபோய்விட்டது. முகம் மாறும் சில நொடிகள் மட்டும், சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில் எடுத்துக் காட்டப்பட்டதால் தப்பின. பத்தாவது டாக்டர் விடைபெறக் கால் மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்கிறார் என்று முணுமுணுப்பவர்கள் இந்த ஒப்பீட்டைத்தான் முதலில் சொல்வார்கள்.

டெனன்ட் நடித்த அத்தியாயங்கள் மொத்தம் 47. அவை எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 2005-ல் வந்த ‘ரோஸ்’ அத்தியாயத்தில் தொடங்குங்கள். அதில் இருப்பவர் ஒன்பதாவது டாக்டரான கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் என்றாலும், ரோஸ் டைலர் யார் என்று தெரியாமல் கடைசிக் காட்சிகளுக்கு வந்துவிடக் கூடாது. அடுத்து ‘தி கிறிஸ்மஸ் இன்வேஷன்’, 2006-ன் ‘டூம்ஸ்டே’, 2007-ன் ‘ஹியூமன் நேச்சர்’, ‘தி ஃபேமிலி ஆஃப் பிளட்’. இந்தக் கடைசி இரண்டில், டாக்டர் தம்மையே மறந்து ஜான் ஸ்மித் என்ற பள்ளி ஆசிரியராக 1913-ல் வாழ்கிறார். மீண்டும் டாக்டராக வேண்டுமானால் ஜான் ஸ்மித் மறைந்தாக வேண்டும் என்ற நிலை வருகிறது. அவர் மன்றாடுவதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டின் ‘யுட்டோப்பியா’, ‘தி சவுண்ட் ஆஃப் டிரம்ஸ்’, ‘லாஸ்ட் ஆஃப் தி டைம் லார்ட்ஸ்’ மூன்றும் எதிரியான மாஸ்டரை அறிமுகப்படுத்துகின்றன. அவர் தலைக்குள் ஓயாமல் ஒலிக்கும் முரசு நான்கு அடிகளாக ஒலிக்கிறது என்பதைக் காதால் எண்ணிப் பாருங்கள்.

நான்காவது பருவத்தில்தான் அவசரப்படவே கூடாது. டோனா நோபிள் என்ற பெண் டாக்டருடன் பயணம் செய்யும் பருவம் அது. அவளுடைய தாத்தா வில்ஃபிரட் மாட், சுருக்கமாக வில்ஃப், பெர்னார்ட் கிரிபின்ஸ் ஏற்ற பாத்திரம். வில்ஃப் முதலில் ‘வாயேஜ் ஆஃப் தி டாம்ட்’ என்ற கிறிஸ்மஸ் கதையில் செய்தித்தாள் விற்பவராகச் சில நிமிடங்களே வந்து போனார். டோனாவின் தந்தையாக நடித்த ஹோவர்ட் ஆட்ஃபீல்ட் 2007-ல் காலமானதால், அந்தச் சிறு பாத்திரத்தையே தாத்தாவாக ஆக்கினார்கள். ‘பார்ட்னர்ஸ் இன் கிரைம்’ அத்தியாயத்தின் முடிவில், குன்றின் மேல் தொலைநோக்கியோடு நிற்கும் வில்ஃப், வானத்தில் பறக்கும் டார்டிஸின் (டாக்டரின் காலப்பயணக் கலம்) வாசலில் நின்று தன் பேத்தி கையசைப்பதைக் கண்டு துள்ளுவதைப் பாருங்கள். ‘பிளானட் ஆஃப் தி ஊட்’, ‘டர்ன் லெஃப்ட்’, ‘தி ஸ்டோலன் எர்த்’ ஆகியவற்றைத் தாண்டி ‘ஜர்னிஸ் எண்ட்’ முடியும்போது, டோனாவுக்கு டாக்டரும் அவரோடு சென்ற பயணங்களும் மறந்துவிடுகின்றன; கொட்டும் மழையில் வாசலில் நிற்கும் வில்ஃப், இனி ஒவ்வோர் இரவும் அவள் சார்பாகத் தான் வானத்தைப் பார்ப்பதாக டாக்டரிடம் சொல்கிறார். அங்கே உங்களுக்குத் தொண்டை அடைக்கவில்லை என்றால், விடைபெறும் கதைக்கு நீங்கள் இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

மிச்சம் 2009-ன் இரண்டு சிறப்புக் கதைகள். ‘பிளானட் ஆஃப் தி டெட்’ கதையை அதன் இறுதியில் வரும் முன்னறிவிப்புக்காகவாவது பாருங்கள்: உங்கள் பாட்டு முடியப் போகிறது, அவன் நான்கு முறை தட்டுவான் என்கிறாள் ஒரு பெண். ‘தி வாட்டர்ஸ் ஆஃப் மார்ஸ்’ இருட்டான கதை. காலத்தின் விதிக்கு மேலானவர் தாம் என்று டாக்டர் ஒரு முறை நினைத்துவிடுகிறார், அந்த அகந்தைக்கு வேறொருவர் விலை கொடுக்கிறார்.

பார்க்கும்போது ஆங்கில வசன வரிகளைத் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். டெனன்ட் பேசும் வேகத்துக்கும் வில்ஃபின் லண்டன் உச்சரிப்புக்கும் நம் காது பழகச் சற்று நேரமாகும். கைபேசியின் சத்தமில்லாத ஒலிபெருக்கியில் பார்க்காதீர்கள். இந்தக் கதையின் உச்சக் காட்சி முழுக்க முழுக்கக் காதால் பார்க்க வேண்டியது. முதல் பாகம் ஒரு மணி நேரம், இரண்டாவது ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். நடுவே ஓர் இரவாவது இடைவெளி விடுங்கள். அந்தக் காலத்துப் பார்வையாளர்கள் ஒரு வாரம் காத்திருந்தார்கள், அந்தக் காத்திருப்பும் கதையின் ஒரு பகுதியாக இருந்தது.

இன்னும் பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திவிட்டு, பார்த்த பிறகு வரவும்.

இரண்டாம் முறை பார்ப்பவர்கள் மாஸ்டரின் பாய்ச்சல்களையும், டிமத்தி டால்டன் தலைமையேற்கும் டைம் லார்டுகளின் ஆர்ப்பாட்டத்தையும் ஓரளவு கடந்துபோகலாம். வெளிப்படையாகச் சொன்னால் அவை அவ்வளவு நன்றாக இல்லை. நிதானமாகப் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, முதல் பாகத்தின் சிற்றுண்டிக் கடைக் காட்சி. உருவம் மாறினாலும் அது தமக்குச் சாவுதான், வேறொருவன் எழுந்து நடந்துபோவான், தாம் இருக்கப் போவதில்லை என்று டாக்டர் எதிரில் இருக்கும் கிழவரிடம் ஒப்புக்கொள்கிறார். இரண்டு, விண்கலத்தில் வில்ஃப் தன் பழைய இராணுவக் கைத்துப்பாக்கியை நீட்டுவது. தான் போரில் யாரையும் கொன்றதில்லை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று முதல் பாகத்திலேயே சொன்னவர் அவர். நீங்கள் என் தந்தையாக இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன் என்கிறார் பல நூறு ஆண்டுகள் வாழ்ந்தவர்.

மூன்றாவதை ஒலியைக் கூட்டிவைத்துப் பாருங்கள். பேரழிவு ஓய்ந்து, தாம் உயிரோடிருப்பதை நம்ப முடியாமல் டாக்டர் தரையில் கிடக்கிறார். அப்போது மெல்ல, மரியாதையாக, நான்கு தட்டல்கள். முன்னறிவிப்பில் வந்த ‘அவன்’ மாஸ்டர் அல்லன். உள்ளே சிக்கிய ஒருவரை விடுவிக்கப் போய்த் தானே கதிரியக்கக் கண்ணாடிக் கூண்டில் மாட்டிக்கொண்ட வில்ஃப், தன்னை வெளியே விடும்படி தட்டுகிறார். ஒருவர் வெளியேற வேண்டுமானால் மற்றொருவர் உள்ளே போயாக வேண்டும். டாக்டர் உடனே பெருந்தன்மையாக நடந்துகொள்வதில்லை என்பதைக் கவனியுங்கள்: கத்துகிறார், இது நியாயமா என்று பொருமுகிறார், தம்மால் இன்னும் எவ்வளவோ செய்ய முடியும் என்கிறார். தான் கிழவன், விட்டுவிடுங்கள் என்று வில்ஃபே சொல்கிறார். அதற்குப் பிறகுதான் கதவு திறக்கிறது. ‘தி வாட்டர்ஸ் ஆஃப் மார்ஸ்’ அகந்தையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு மட்டுமே அந்தச் சில நொடித் தயக்கத்தின் எடை தெரியும்.

பின்வரும் விடைபெறும் வரிசை நீளம்தான். ஆனால் டோனாவின் திருமணக் காட்சிக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். டாக்டர் தரும் பரிசு ஒரு லாட்டரிச் சீட்டு. அதை வாங்கிய ஒரு பவுண்டை, காலத்தில் பின்னோக்கிச் சென்று, மறைந்துபோன அவளுடைய தந்தையிடமே கடன் வாங்கியிருக்கிறார். ‘எனக்குப் போக மனமில்லை’ என்ற கடைசிச் சொல்லைக் கேட்கும்போது, ஜான் ஸ்மித்தின் மன்றாடலை நினைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்த கையோடு மேட் ஸ்மித்தின் ‘தி இலெவன்த் அவர்’ அத்தியாயத்துக்குத் தாவ வேண்டாம். சில நாள் போகட்டும். டெனன்ட் 2023-ல் பதினான்காவது டாக்டராகத் திரும்பி வரும் மூன்று சிறப்புக் கதைகளை இன்னும் தள்ளி வையுங்கள். அவற்றில் இரண்டாவதான ‘வைல்ட் புளூ யாண்டர்’ கதையின் முடிவில் வில்ஃப் சக்கர நாற்காலியில் அமர்ந்து டாக்டருக்காகக் காத்திருக்கிறார். அதை நடித்துக்கொடுத்த கிரிபின்ஸ் 2022 ஜூலையில் காலமானார். ஒளிபரப்பானது 2023 டிசம்பர் 2 அன்று.