பழைய ராணுவக் கைத்துப்பாக்கியின் பூர்வீகத்தைக் கண்டறிவது எப்படி?

பழைய ராணுவக் கைத்துப்பாக்கி ஒன்று கைக்கு வந்ததும், அது எந்தப் போரில் யாருடைய இடுப்பில் இருந்தது என்று அறியவே மனம் பரபரக்கும். ஆனால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ரகமானால், வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ வைக்காமல், மெல்லிய மரக்குச்சியை அடிவரை மெதுவாக விட்டு, வாய்ப்புறத்தில் அடையாளமிட்டு எடுத்து, குழலின் வெளிப்புறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தீ உள்ளே செல்லும் துளை வரை எட்டாமல் குச்சி முன்னதாகவே நின்றிருந்தால், மருந்தும் குண்டும் இன்னும் உள்ளே கிடக்கக்கூடும். உலர்ந்திருக்கும் கருமருந்து நூறாண்டு கழிந்தாலும் பற்றிக்கொள்ளும் என்பதால், விசையைத் தொடாமல் துப்பாக்கி பழுதுபார்க்கும் வல்லுநரிடம் அதை ஒப்படைத்துவிடுங்கள். உரிமம் வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதையும் அப்போதே விசாரித்துவிடுவது நல்லது.

அடுத்து, துடைத்துப் பளபளப்பாக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். உப்புத்தாள் ஒரு முறை பட்டாலே, மங்கலாக மிஞ்சியிருக்கும் முத்திரை அழிந்துவிடும். எண்ணெய் தொட்ட மென்துணியால் தூசியை மட்டும் எடுத்து, பக்கவாட்டில் சாய்வாக ஒளி விழும்படி விளக்கை வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் படமெடுங்கள். குழலின் நீளத்தையும் வாயின் விட்டத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

முத்திரைகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது: அவை எல்லாம் ஒரே நாளில் ஒரே கையால் இடப்பட்டவை அல்ல. செய்தவர், சோதித்தவர், வாங்கிய அரசு, பயன்படுத்திய படைப்பிரிவு, பிற்பாடு விற்ற வணிகர் என ஒவ்வொருவரும் தத்தம் காலத்தில் குத்தியவை அவை. ஜெர்மானிய லூகர் பி.08 கைத்துப்பாக்கிகள் சிலவற்றில் செய்த ஆண்டோடு 1920 என்ற எண்ணும் சேர்ந்து காணப்படும். முதல் உலகப் போருக்குப் பின் அரசு உடைமை என்று அடையாளப்படுத்த இட்ட அந்த எண்ணைச் செய்த ஆண்டாகக் கொண்டு ஏமாறுவோர் உண்டு.

பிரிட்டிஷ் துப்பாக்கியில், சுடும் பொறியைத் தாங்கும் பக்கத்தகட்டில் 'டவர்' என்று பொறித்திருந்தால் அது செய்தவர் பெயரன்று. லண்டன் கோபுரக் கோட்டையை மையமாகக் கொண்டு இயங்கிய அரசுப் படைக்கல அமைப்பின் அடையாளம் அது. கிரீடத்தின் கீழ் 'ஜி.ஆர்.' என்ற எழுத்துகள், 1714 முதல் 1830 வரை ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களில் எவரையும் குறிக்கலாம் என்பதால், அதை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. விக்டோரியா அரசியைக் குறிக்கும் 'வி.ஆர்.' இருந்தால் 1837க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்தவற்றில் அரச முத்திரைக்குப் பதிலாகக் கம்பெனியின் இதய வடிவக் குறியோ, பிற்காலத்தில் கிரீடம் ஏந்தி நிற்கும் சிங்கமோ இருக்கும். அகன்ற அம்புக்குறி அரசு உடைமையைக் காட்டும். இரண்டு அம்புகள் முனையோடு முனை சேர்ந்திருந்தால் ராணுவம் அதைக் கழித்து விற்றுவிட்டது என்று பொருள்.

எல்லா நாட்டாரும் இப்படிப் புதிர் போடுவதில்லை. பிரான்சின் 1873ஆம் ஆண்டு மாதிரி ரிவால்வரில் குழலின் மேல் மாதிரியின் பெயரும், வலப்பக்கம் செய்த ஆண்டும் தெளிவாக இருக்கும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

குடும்பத்தில் வழங்கும் கதையை இதன்பின் உரசிப் பாருங்கள். 1815இல் வாட்டர்லூவில் சுட்டது என்று சொல்லப்படும் துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல்லுக்குப் பதிலாக, தொப்பி போன்ற சிறு வெடியைத் தட்டும் சுத்தி இருந்தால், அது பிற்கால முறை என்றாலும் கதையை உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. பழையவை பல பின்னர் மாற்றியமைக்கப்பட்டன. பக்கத்தகட்டில் மருந்துக்கிண்ணமும் வில்லும் இருந்த இடத்துத் துளைகள் அடைக்கப்பட்ட தடம் தெரிந்தால் மாற்றம் உறுதி. தடமே இல்லையென்றால் அது பிற்காலத்தில் புதிதாகச் செய்தது என்ற பக்கம்தான் நான் சாய்வேன். 1915இல் பிரிட்டிஷ் படையில் ஏற்கப்பட்ட வெப்ளி மார்க் 6 ரிவால்வரிலும் இப்படியொரு சோதனை உண்டு: தோட்டா உருளையின் பின்முகம் சீவப்பட்டு, பின்தகட்டோடு இடைவெளி அதிகமாகத் தெரிந்தால், அது பின்னாளில் .45 ஆட்டோ தோட்டாவுக்காக வெட்டப்பட்டது.

ஆவணங்களைத் தேடும் கட்டம் இதற்குப் பிறகுதான். கைப்பிடியின் அடியிலோ விசைக்காப்பு வளையத்திலோ படைப்பிரிவின் எழுத்துகள் இருந்தால், முதல் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகள் லண்டனில் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் கிடைக்கும். கம்பெனிக் காலத்துப் பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன; பிரெஞ்சு ஆயுதங்களுக்கு ஷாட்டெல்ரோ நகரின் ராணுவ ஆவணக்காப்பகம் உண்டு. வரிசை எண்ணைக் கொண்டு ஒரு தனி வீரரின் பெயரை எட்டுவது மிக அரிது. பிரிட்டிஷ் அதிகாரிகளோ பலர் தம் ரிவால்வரைச் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள். ஆகவே அம்புக்குறி இல்லாத துப்பாக்கி கிடைத்தால், படைப்பதிவேட்டைத் தேடி அலையாமல், செய்தவரின் அல்லது விற்றவரின் விற்பனைப் பேரேடு எங்கேனும் பிழைத்திருக்கிறதா என்று முதலில் எழுதிக் கேளுங்கள்.