பெட்டி கிளம்பும் முன்: பிரிண்ட் பரிமாற்றச் சுற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சயனோடைப், வேன்டைக், கம், பிளாட்டினம், சால்ட் பிரிண்ட் என்று தாளில் கையால் கரைசல் பூசிப் படம் அச்சிடுகிறவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தான் இருக்கிறோம். அடுத்தவர் செய்த பிரிண்டைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமென்றால் தபால்தான் வழி. இது பழைய வழக்கமும்கூட. அமெரிக்காவில் 1861இல் தொடங்கிய அமெச்சூர் போட்டோகிராபிக் எக்ஸ்சேஞ்ச் கிளப்பின் உறுப்பினர்கள் தங்கள் ஸ்டீரியோ படங்களை (இரு கண்ணுக்கும் ஒவ்வொன்றாக இரண்டு படம் வைத்து ஆழம் காட்டுபவை) இப்படித்தான் பரிமாறிக்கொண்டார்கள்.

நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து, படங்களை ஒரு பெட்டியில் வைத்து ஊர் ஊராக அனுப்பிய முதல் சுற்று பாதியில் நின்றது. காரணம் கணக்கு. பெட்டி வந்ததும் அதில் ஒவ்வொருவர் வைத்த படத்திலும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, நம் பிரதிகளை வைத்து, அடுத்த ஊருக்கு அனுப்புவது என்று பேசிக்கொண்டோம். முதலில் பெட்டியைப் பெற்றவருக்கு மற்ற ஒன்பது பேரின் படமும் எப்போது கிடைக்கும்? பெட்டி இரண்டாம் முறை அவர் வீட்டுக்கு வரும்போதுதான். ஒரு வீட்டில் ஏழு நாள், வழியில் ஐந்து நாள் என்றால் ஒரு சுற்றுக்கு 120 நாள். எல்லாருக்கும் எல்லாப் படமும் சேர இரண்டு சுற்று, அதாவது 240 நாள். எட்டு மாதம் யாருக்குப் பொறுமை இருக்கும்?

அதனால் எல்லாப் பிரதிகளும் முதலில் ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்கு வந்து சேரட்டும். அவர் பெயர் எழுதிய உறைகளில் பிரித்து வைத்து, பார்வைக்கென்று ஒரு தொகுப்பும் ஒரு நோட்டும் சேர்த்துப் பெட்டியை ஒரே ஒரு முறை சுற்றுக்கு விட்டால் போதும். அவரவர் உறையை எடுத்துக்கொண்டு, நோட்டில் எழுதிவிட்டு அனுப்ப வேண்டியதுதான். கெடு நாளுக்குள் படம் வராதவர் அந்தச் சுற்றில் இல்லை. இதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

ஆள் கூடினால் வேலையும் கூடும். பத்துப் பேர் என்றால் மற்ற ஒன்பது பேருக்கும் பார்வைத் தொகுப்புக்குமாக ஒருவர் பத்துப் பிரதி கொடுக்க வேண்டும். பசையில் நிறம் கலந்து மூன்று பூச்சுப் போடும் கம் பிரிண்ட்காரருக்கு அது முப்பது முறை பூசி, வெயிலில் வைத்து, கழுவி, காயவைக்கும் வேலை. முதல் சுற்றுக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் போதும்.

பலரும் கவனிக்காமல் விடுவது பெட்டிக்குள் நடப்பதை. வெவ்வேறு வேதியியலில் பிறந்த படங்கள் மாதக்கணக்கில், பிறகு அவரவர் வீட்டில் ஆண்டுக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்று கிடக்கப்போகின்றன. பிளாட்டினம் பிரிண்ட் சாகாவரம் பெற்றது என்போம். ஆனால் அந்த உலோகம் தன்மேல் படிந்திருக்கும் தாளை மெல்லப் பழுக்க வைக்கும். பல ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்தால் மேலே இருந்த தாளின் முதுகில் அதே படம் மங்கலான பழுப்பில் பதிந்திருக்கும். படத்தை நிலைக்கவைக்கும் மருந்தான ஹைப்போவைச் சரியாகக் கழுவாத வேன்டைக் (பழுப்பு நிற வெள்ளிப் படம்) தானும் வெளிறும், பக்கத்தில் உள்ள மற்ற வெள்ளிப் படங்களையும் கெடுக்கும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் நடுவே தாள் வேண்டும்.

அந்தத் தாளிலும் ஒரு கண்ணி உண்டு. ‘அமிலமற்றது’ என்று விற்கும் தாள்களில் பல, கால்சியம் கார்பனேட் என்ற காரப்பொருள் சேர்த்தவை. அந்தக் காரம் நீல நிறப் படமான சயனோடைப்புக்கு விஷம். நீலத்தை அரித்து வெளிறவைக்கும். வெளிச்சத்தில் வெளிறிய சயனோடைப்பை இருட்டில் வைத்தால் நீலம் ஓரளவு திரும்பும், காரம் தின்றது திரும்பாது. கார்பனேட் சேர்க்காத அமிலமற்ற தாள்தான் வேண்டும் என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஈரம். முதல் சுற்றின் பெட்டி சென்னைக்கு வந்தது நவம்பர் மழையில். திறந்ததும் நனைந்த அட்டை வாசனை. ஒரு கம் பிரிண்ட், கடற்கரைக் காட்சி. பிளாஸ்டிக் உறையிலிருந்து மெல்ல இழுத்தேன். வானத்தின் ஒரு மூலை, உள்ளங்கை அகலத்துக்கு, உறையோடு வந்துவிட்டது. ஜெலட்டின் பூசிய தாள், முழுதாகக் காயும் முன்பே உறைக்குள் போயிருக்கிறது. செய்தவருக்குப் போன் செய்து சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்தது. அன்றிலிருந்து, கழுவிய படம் குறைந்தது மூன்று நாள் காய்ந்தபிறகுதான் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் விதி. படத்தைத் தொடும் பிளாஸ்டிக் எதுவும் கிடையாது, தாள் உறைதான். மொத்தக் கட்டுக்கும் வெளியே ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் சிலிக்கா ஜெல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரை ஊர்களுக்குப் பெட்டியே போகாது.

தாள் அளவு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், 8×10 அங்குலம் என்று வையுங்கள். படம் அதற்குள் எவ்வளவு சிறிதாகவும் இருக்கலாம். அளவு மாறினால் சின்னது நழுவி நழுவிப் பெரியதைக் கீறும்.

கட்டுக்கு மேலும் கீழும் நெளி அட்டை வைக்கும்போது ஒன்றின் வரி நெடுக்காகவும் மற்றதன் வரி குறுக்காகவும் போக வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் போனால் அந்த வரியிலேயே மடங்கும், உள்ளே இருக்கும் பத்துப் படமும் சேர்ந்து மடங்கும்.

பின்பக்கம் பெயர், முறை, தாளின் பெயர், டோனிங் (படத்தின் நிறத்தை மாற்றும் குளியல்) விவரம், தேதி எல்லாம் மென்மையான பென்சிலில் எழுதுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம்; அழுத்தம் முன்பக்கம் புடைத்துத் தெரியும்.

படத்தை ஸ்கேன் செய்து வெளியே காட்டலாமா என்பதை ஒவ்வொருவரிடமும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு என்பதையும்தான். அனுப்புகிறவர் ஸ்பீட் போஸ்ட் எண்ணைக் குழுவில் போட்ட பிறகே அவர் கடமை முடிந்தது என்று வைத்திருக்கிறோம். இரண்டாம் சுற்றில் ஒரு பெட்டி நான்கு நாள் தாமதமானபோது அந்த எண்ணை வைத்துத்தான் தேடிப் பிடித்தோம்.